டப்ளினா, கால்வேயா? இரவு ஒன்பதுக்கு முன்னால் எந்த ஊர்?

போன வருடம் ஈஸ்டர் விடுமுறையில் டப்ளினில் ஒரு பப். பெயர் வேண்டாம். மூலை மேசையில் ஒருவர் பெட்டியைத் திறந்து பிடிலை எடுத்து, வில்லுக்கு ரெசின் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏழு வயதுப் பையன் அந்த வில்லையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது கவுன்டர் ஆள் வந்து, மேசையைத் துடைக்கிற சாக்கில் குனிந்து, "ஒன்பதாகப் போகிறது, பிள்ளைகள் கிளம்ப வேண்டும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். கதவு மூடுவதற்கும் உள்ளே முதல் மெட்டு தொடங்குவதற்கும் சரியாக இருந்தது.

அவர்மேல் தப்பில்லை, சட்டம் அப்படி. அயர்லாந்தில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரோ பொறுப்பாளரோ கூட இருந்தால்தான் பப்புக்குள் இருக்கலாம். 18 வயது ஆகாத யாரும் இரவு 9 மணிக்கு மேல் இருக்கக் கூடாது. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை மட்டும் அது 10 மணி. அதற்கு முன்னாலேயே "பிள்ளைகள் வேண்டாம்" என்று சொல்லவும் பப்காரருக்கு உரிமை உண்டு. குடும்பத்தோடு ஊர் சுற்றி, நடுவில் நாலு பப்பும் ஏறி இறங்கலாம் என்று வருகிறவர்கள் டிக்கெட் விலை, ஹோட்டல், வானிலை எல்லாவற்றையும் அலசுவார்கள். இந்த ஒரு விஷயம் மட்டும் விட்டுப்போகும். அதனால் என் அளவுகோல் இதுதான்: பிற்பகல் மூன்றுக்கும் இரவு ஒன்பதுக்கும் நடுவில் எந்த ஊர் நன்றாக இருக்கிறது?

நாங்கள் இருப்பது லிமெரிக்கில். ஊரிலிருந்து யார் வந்தாலும் கிழக்கே தலைநகர் டப்ளின், மேற்குக் கரையில் கால்வே, "இதில் டப்ளின் போகலாமா, கால்வே போகலாமா" என்றுதான் கேட்பார்கள். லிமெரிக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அது வேறு வருத்தம். ஆனால் இரண்டு ஊருக்கும் ஒட்டும் உறவும் இல்லாத ஆளாக இதைச் சொல்ல முடிகிறது.

முதலில் ஒரு தயக்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். பப் என்றதும் நம் ஆட்களுக்கு டாஸ்மாக் பார்தான் கண் முன்னால் வருகிறது. சேலத்திலிருந்து வந்த மாமனாரும் முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க மாப்ள, நான் இங்கயே நிக்கறேன்." மழை தூறியதால்தான் உள்ளே வந்தார். உள்ளே இரண்டு பாட்டிகள் டீயும் ஸ்கோனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கணப்பு அருகே ஒரு நாய் தூங்கியது. புகையும் கிடையாது: வேலையிடங்களில் புகைபிடிப்பதை முழுவதுமாகத் தடை செய்த முதல் நாடு அயர்லாந்து, 2004 மார்ச் 29 முதல். பகல் நேரப் பப் பாதி டீக்கடை, பாதி திண்ணை. ஐந்தாம் நாள் மாமனாரே "இன்னிக்கு எந்தக் கடை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கையில் அயர்லாந்தின் கறுப்பு பீரான கின்னஸில் ஆல்கஹால் இல்லாத 0.0 வகை. அதை வைத்துக்கொண்டு மாமனார் முன்னால் மருமகன் எப்படிக் குடிப்பது என்ற சங்கடத்தையும் நாங்கள் ஒருவழியாகக் கடந்தோம்.

சரி, டப்ளின்.

பார்க்க வேண்டியவை என்று எடுத்துக்கொண்டால் கால்வே பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஒரு குடும்பத்துக்கு நான்கு நாள் போதாது. அதிலும் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. அங்கே சதுப்பு நிலத்தில் கிடைத்த மனித உடல்களைத் தனித்தனி அறையாக வைத்திருக்கிறார்கள். 2003இல் மீத் மாவட்டத்தில் கிடைத்த குளோனிகேவன் மனிதன் இறந்து 2200 ஆண்டுக்கு மேல் ஆகிறது. கரிச்சதுப்பின் அமிலம் தோலைப் பதப்படுத்திவிட்டதால் முகம், மூக்கு, தாடை எல்லாம் அப்படியே இருக்கின்றன. தலைமுடியைத் தூக்கி வாரி ஏதோ பூசியிருக்கிறான். சோதித்துப் பார்த்ததில் தாவர எண்ணெயும் பைன் பிசினும் கலந்த கலவை, பிசின் தென்மேற்கு பிரான்ஸ் அல்லது வட ஸ்பெயினிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அந்தக் காலத்து இறக்குமதி ஹேர் ஜெல். பதினான்கு வயது மகள் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் பத்து நிமிடம் நின்றாள். போனை எடுக்கவில்லை. பதின்வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்று கில்மைனம் சிறை. 1796இல் திறந்து 1924இல் மூடியது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் 14 பேரை அதன் கல் உடைக்கும் முற்றத்தில்தான் சுட்டார்கள். காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் கட்டி உட்கார வைத்துச் சுட்டார்கள். அவர் இருந்த இடத்தில் ஒரு சிலுவை, மற்றவர்கள் இருந்த இடத்தில் ஒரு சிலுவை. அந்தத் தலைவர்களில் ஒருவரான ஜோசப் பிளங்கெட் சிறைக் கோவிலில் கிரேஸ் கிஃபர்டுக்குத் தாலி கட்டாத குறையாக மோதிரம் போட்ட சில மணி நேரத்தில் அவரையும் சுட்டார்கள். வழிகாட்டியோடுதான் போக முடியும். டிக்கெட் 28 நாளுக்கு முன் திறக்கும், சீக்கிரமே தீர்ந்துவிடும், அதனால் விமான டிக்கெட் போட்டதுமே அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுக்காரனுக்கு இது கொஞ்சம் கனம். கல் சில்லிப்பு வேறு, ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நூல் என்ற பழைய வண்ணச் சுவடி, ஃபீனிக்ஸ் பூங்காவின் மான்கள், 1831இல் தொடங்கிய மிருகக்காட்சி சாலை, கடற்கரை ரயிலேறி ஹவுத் துறைமுகத்தில் சீல் பார்ப்பது, இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், எல்லாமே நல்லவைதான். லீப் கார்டு வாங்கிவிட்டால் பெரியவருக்கு இரண்டு யூரோவில் 90 நிமிடம் பஸ், டிராம், உள்ளூர் ரயில் என்று மாறி மாறிப் போகலாம்.

சிக்கல் மாலையில்தான். டப்ளின் பப் என்றதும் எல்லோரும் போய் விழுவது டெம்பிள் பாரில். அது ஒரு பப்பின் பெயர் மட்டுமல்ல, ஒரு பேட்டையே. கல் பாவிய தெரு, பூத்தொட்டி, சிவப்பு முகப்பு, படம் எடுக்க அழகு. மற்ற இடங்களில் ஆறேழு யூரோவுக்குக் கிடைக்கும் பைன்ட், அதாவது ஒரு பெரிய கோப்பை பீர், இங்கே ஒன்பது, பத்து. வெள்ளி, சனியில் கல்யாணத்துக்கு முந்தைய கூத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கும் கூட்டம். மாலை ஐந்து மணிக்கே பிள்ளைகளின் கண்ணைப் பொத்துவதா, காதைப் பொத்துவதா என்று ஆகிவிடும். பகல் பதினொரு மணிக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

உண்மையான டப்ளின் பப்புகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஸ்மித்ஃபீல்டில் கோபிள்ஸ்டோன், மெரியன் ரோவில் ஓ'டனஹ்யூஸ், பூல்பெக் தெருவில் மல்லிகன்ஸ், தெற்கே லாங் ஹால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி நேர நடையும் உண்டு. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பப் பப்பாக ஏறி இறங்குவது நடக்காத காரியம். பழைய பப்புகள் பலவற்றில் சமையலறையே கிடையாது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதோடு வாரநாளில் இசை சூடு பிடிக்கும்போது நம் நேரம் முடிந்திருக்கும். முதலில் சொன்ன கதை அதுதான்.

ஆனால் டப்ளினிலும் ஒரு பிற்பகல் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வடக்கே கிளாஸ்னெவின். அங்கே தேசியத் தாவரவியல் பூங்கா இலவசம். அதன் கண்ணாடி வீடுகளில் பனைகளைப் பார்த்து மாமனார் குளிர் மறந்து நின்றார். பூங்காவிலிருந்தே கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வாசல் உண்டு. 1832இல் திறந்த கல்லறை, பதினைந்து லட்சம் பேர் அடக்கம். கத்தோலிக்கர் உரிமைக்குப் போராடிய டேனியல் ஓ'கானலின் சமாதிமேல் எழுப்பிய 55 மீட்டர் கோபுரத்தில் ஏறினால் ஊரே தெரியும். கல்லறைச் சுவரை ஒட்டி 1833இலிருந்து கவனாஸ் பப். எல்லோரும் அதைக் 'குழிவெட்டிகள்' என்றே சொல்கிறார்கள். குழி வெட்டுகிறவர்கள் சுவரைத் தட்டினால் பைன்ட் வந்து சேரும் என்று ஒரு கதை. உள்ளே பாட்டு இல்லை, டிவி இல்லை. மாலை நான்கு மணி, மரப் பலகைத் தடுப்பு, பேச்சுச் சத்தம் மட்டும்.

அங்கேதான் பையனுக்கு ஒரு பைன்ட் கின்னஸ் ஊற்றுவதை முழுதாகக் காட்டினேன். கோப்பையைச் சாய்த்துப் பிடித்து முக்கால் அளவு ஊற்றி அப்படியே வைத்துவிடுகிறார்கள். அவசரப்படக் கூடாது. முழுக்கப் பழுப்பாகப் பொங்கிக் கிடப்பது மெதுவாக அடியிலிருந்து கறுத்துக்கொண்டே மேலே வரும், வெள்ளை நுரை உச்சியில் சேரும். பிறகு மீதியை ஊற்றுவார்கள். மொத்தம் 119.5 விநாடி என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. பையன் மூக்கைக் கோப்பையில் ஒட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, குமிழி கீழே போகுது" என்றான். உண்மைதான். கோப்பை மேலே அகன்றிருப்பதால் நடுவில் திரவம் ஏறி, ஓரச் சுவர் வழியாக இறங்குகிறது. சின்னஞ்சிறு நைட்ரஜன் குமிழிகளை அது கூடவே கீழே இழுக்கிறது. ஐயாயிரம் மைல் தாண்டி வந்து அவன் கற்றுக்கொண்ட முதல் இயற்பியல் பாடம் இது என்று மாமனார் சொன்னார். பையன் லிமெரிக்கில்தான் பிறந்தான் என்பதை அந்த நேரத்தில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

சைவர்களுக்கு ஒரு தகவல்: முன்பெல்லாம் கின்னஸைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் பயன்படுத்தினார்கள். இப்போது இல்லை.

இதை ரசித்துவிட்டால் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில் இருக்கும் கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ் போகலாமா வேண்டாமா என்பது உங்கள் பணப்பை சொல்ல வேண்டியது. ஆர்தர் கின்னஸ் 1759இல் ஆண்டுக்கு 45 பவுண்டு என்று 9000 வருடக் குத்தகை போட்ட இடம். ஏழு மாடி ஏறி உச்சியில் கண்ணாடி அறையில் ஊர் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கும். நாலு பேருக்கு டிக்கெட் போட்டால் ஒரு நல்ல இரவு உணவு போய்விடும். நான் ஒரு தடவை போனேன், போதும்.

இப்போது கால்வே. காட்சிகள் என்று பட்டியல் போட்டால் அரை நாளில் தீர்ந்துவிடும். அயர் சதுக்கத்தில் தொடங்கி ஷாப் தெரு வழியாக இறங்கினால், வங்கியாக மாறிவிட்ட லிஞ்ச் மாளிகை, 1320இல் கட்டிய செயின்ட் நிக்கலஸ் தேவாலயம், கீ தெரு, 1584இன் ஸ்பானிஷ் வளைவு. வளைவுக்குப் பின்னால் நகர அருங்காட்சியகம், அதுவும் இலவசம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிளாடா, அன்னங்கள் கூட்டமாக நிற்கும் பழைய மீனவர் குப்பம். கடைக்குக் கடை விற்கும் கிளாடா மோதிரத்தில் இரண்டு கை ஒரு இதயத்தைப் பிடித்திருக்கும். எந்தக் கையில் எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்து ஆளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கண்டுபிடிக்கலாம். மகளுக்கு வாங்கிக் கொடுக்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காரிப் ஆறு ஏரியிலிருந்து கடலுக்கு ஓடுவது ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். கோடைத் தொடக்கத்தில் சால்மன் அணைப் பாலத்தில் நின்று குனிந்தால், நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நீந்திக்கொண்டிருக்கும் மீன்களைப் பார்க்கலாம். சால்ட்ஹில் கடற்கரை நடைபாதையில் கடைசி வரை நடந்தவர்கள் முடிவில் இருக்கும் சுவரை ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்புவது வழக்கம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். பையன் பன்னிரண்டு தடவை உதைத்தான்.

கால்வே ஜெயிப்பது மாலையில். அயர் சதுக்கத்திலிருந்து ஆறு வரை நடந்தால் பத்து, பன்னிரண்டு நிமிடம். முக்கியமான பப்புகள் பெரும்பாலும் அந்த ஒரே கோட்டில், அதுவும் வண்டி வராத தெருவில் இருக்கின்றன. இங்கே பல பப்புகளின் பெயர் 'டிக்' என்று தொடங்கும். ஐரிஷ் மொழியில் வீடு. டிக் நாக்டன் என்றால் நாக்டன் வீடு, டிக் கோலி என்றால் கோலி வீடு. ஊர் எல்லை தாண்டி மேற்கே போனாலே ஐரிஷ் பேசும் பகுதி, அதனால் இந்தப் பெயர்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. நாக்டன் வீடு 1894இலிருந்து ஒரு தெருமுனையில் இருக்கிறது. உள்ளே மரத்தடுப்பு போட்ட சின்னச் சின்ன அறைகள், 'ஸ்னக்' என்பார்கள். ஒரு காலத்தில் ஊர்க் கண்ணில் படாமல் பெண்களும் பாதிரிமாரும் குடித்த இடம். இன்று பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு வரம். பையன் கீழே உருண்டாலும் யாருக்கும் தொந்தரவில்லை.

மெயின்கார்ட் தெரு டிக் கோலியில் மாலை ஆறு மணிக்கே செஷன் தொடங்கிவிடும். என் அளவுகோலுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். செஷனைக் கச்சேரி என்று நினைத்துப் போகாதீர்கள். மேடை இல்லை, மைக் இல்லை. நம் ஊர் மார்கழி பஜனைக்குத்தான் நெருக்கம். வாத்தியம் கொண்டு வந்தவர், மெட்டு தெரிந்தவர், மூலையில் வந்து சேர்ந்துகொள்வார். பிடில், புல்லாங்குழல், கான்சர்டினா, ஆட்டுத்தோல் கட்டிய பவுரான் என்ற பறை. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், இரண்டாம் சுற்றில் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள், யாரோ தலையை அசைத்ததும் அடுத்த மெட்டுக்கு எல்லோரும் ஒரே தாவலில் போய்விடுவார்கள். இரண்டு விஷயம் மட்டும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலியாகத் தெரிந்தாலும் வாத்தியக்காரர் மேசையில் உட்காரக் கூடாது. யாராவது வாத்தியமில்லாமல் தனியாகப் பாட ஆரம்பித்தால் மொத்தப் பப்பும் வாயை மூடும், நாமும் மூட வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒன்று: இங்கே 'ரவுண்டு' என்பது கிட்டத்தட்ட மொய். ஒருவர் உங்களுக்கும் சேர்த்து வாங்கினால் அடுத்த ரவுண்டு உங்களுடையது. யாரும் நோட்டில் எழுதுவதில்லை, ஆனால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான்கு பேர் கூட்டத்தில் சேர்ந்தால் நான்கு பைன்ட் உறுதி, ஒரு பைன்ட் 568 மில்லி. பிள்ளைகளோடு இருக்கும்போது "நான் என் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கால்வேயின் பலவீனம் மழை. அட்லாண்டிக் காற்று முதலில் வந்து மோதுவது இந்தக் கரையில். டப்ளினில் மழை வந்தால் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடலாம். கால்வேயில் சால்ட்ஹில் மீன் காட்சியகமும் நகர அருங்காட்சியகமும் பார்த்து முடித்தால் பிறகு பப்தான், பகல் பதினொரு மணிக்கு. ஜூலை கலைவிழா, மாத இறுதியில் தொடங்கும் குதிரைப் பந்தயம், இந்த நாட்களில் அறை வாடகை எகிறிவிடும், அப்போது போகவே வேண்டாம்.

ஆனால் வெயில் அடித்தால் கணக்கே வேறு. 214 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மோஹர் பாறைகளுக்கு இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். டப்ளினிலிருந்து ஒரே நாளில் போய் வரும் பஸ் சுற்றுலாவில் விடிகாலை ஏறி இரவில் இறங்குவீர்கள், பிள்ளைகளுக்கு அது சுற்றுலா அல்ல, தண்டனை. ராசவீல் துறைமுகத்திலிருந்து 40 நிமிடக் கப்பலில் இனிஷ்மோர் தீவுக்குப் போய் வாடகை சைக்கிளில் கல் வேலிகளுக்கு நடுவே சுற்றிய நாளைத்தான் என் மகள் இன்றும் சொல்கிறாள். ஹேர் ஜெல் மனிதன் இரண்டாம் இடம்.

தெற்கே இருக்கும் கார்க் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் கார்க் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று சில நேரம் தோன்றுகிறது. ஷாண்டன் தேவாலயக் கோபுரத்தில் கயிற்றை இழுத்து மணியை நாமே அடிக்கலாம், மெட்டு எழுதிய அட்டையும் தருவார்கள். ஊர் முழுக்கக் கேட்கும். பையன் அடித்ததை ஊர் பொறுத்துக்கொண்டது. கோவ் போகும் ரயிலில் ஏறினால் நடுவில் ஃபோட்டா நிலையத்தில் இறங்கி, லீமர் குரங்குகள் கூண்டில்லாமல் காலுக்கிடையில் ஓடும் பூங்கா. கடைசி நிறுத்தம் கோவ், 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக் கடைசியாக நின்ற துறைமுகம், 123 பேர் ஏறினார்கள். பப்பில் கின்னஸ் கேட்டால் தருவார்கள், ஆனால் உள்ளூர்க்காரர் கையில் கார்க்கின் சொந்தக் கறுப்பு பீரான மர்ஃபிஸோ பீமிஷோதான் இருக்கும். குறை என்னவென்றால் கால்வே போல மாலை இசை கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக இல்லை.

ஒரே ஊர்தான் என்றால்: பிள்ளைகள் பதின்மூன்று தாண்டியவர்கள், மழைக்காலம், பப் இரண்டாம் பட்சம் என்றால் டப்ளின். பிள்ளைகள் சிறியவர்கள், மே முதல் செப்டம்பருக்குள் வருகிறீர்கள், பாட்டும் பைன்ட்டும் குடும்பத்தோடு வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கால்வே. ஐந்து இரவு கையில் இருந்தால் முதல் இரண்டு டப்ளினில், மீதி மூன்று கால்வேயில். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். திரும்பும்போது டப்ளின் ஊருக்குள் போகவே வேண்டாம், கால்வேயிலிருந்து விமான நிலையத்துக்கே நேர் பஸ் இருக்கிறது. எந்த ஊரானாலும் கார் எடுக்காதீர்கள், ஒரு பைன்ட் உள்ளே போயிருந்தாலும் வண்டி ஓட்டுவது வேண்டாம்.

அப்புறம், செப்டம்பர் கடைசி வாரத்துக்கும் அக்டோபர் முதல் வாரத்துக்கும் நடுவில் தேதியைத் தீர்மானிக்க முடியாமல் இருந்தால் செப்டம்பரையே எடுங்கள். அக்டோபர் 1 அன்று பையனின் ஒரு மணி நேரம் போய்விடுகிறது.